தொண்ணூற்றாறு வீடும் ஒரு கட்-ஆஃபும்

புது ஷூ அட்டைப்பெட்டியைத் திறந்ததும் மெல்லிய தாளும் பசையும் கலந்து ஒரு வாசனை மூக்கில் ஏறும். சிலருக்கு அது தலைவலி, எனக்கு அது கோடை விடுமுறை. என் அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற பிரிவில் இருந்தாள். ஓரம் நசுங்கி ஏற்றுமதிக்கு ஆகாத பெட்டிகளை வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம் என்று அங்கே விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் பருப்பு, ரிப்பன், ரேஷன் கார்டு எல்லாமே ஏதோ ஓர் ஐரோப்பியக் காலின் அளவு அச்சடித்த பெட்டிக்குள்தான் குடியிருந்தன. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை முடிந்த வாரத்தில், அப்படி ஒரு பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டு, நானும் பர்வீனும் எங்கள் பள்ளிப் பெண்கள் தொண்ணூற்றாறு பேரின் தலையெழுத்தை அதில் எழுதினோம்.

காரணம் ‘ஃபர்ஸ்ட் குரூப்’. பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் சேர்ந்த அந்தப் பிரிவுக்கு எங்கள் பள்ளியில் ஐம்பது இடம்தான். பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி, மேலிருந்து ஐம்பது பேரை எடுப்பார்கள். ஐம்பதாவது பெண்ணின் மதிப்பெண்தான் அந்த வருஷத்துக் ‘கட்-ஆஃப்’. எனக்கு அந்த இடம் வேண்டும் என்பதற்கு ஒரே காரணம் வேதியியல் ஆய்வுக்கூடம். ஃபர்ஸ்ட் குரூப் பெண்களைத் தவிர வேறு யாரையும் அதற்குள் விடமாட்டார்கள். ஐந்து வருஷமாக ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்து ஏங்கியிருந்தேன். அம்மாவோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “இங்க கெடச்சா படி. இல்லன்னா வேற குரூப்பு எடு. ரயிலேறி வேலூருக்குப் போய்ப் படிக்கறதெல்லாம் ஆவாது.”

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் கூடிவிட்டோம். வினாத்தாளில் பேனா படக் கூடாது என்பது சட்டம். அதனால் ஒரு மார்க் கேள்விகளுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த விடைக்குப் பக்கத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு வைத்திருப்போம். வெயிலில் தாளைச் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். அப்படிச் சாய்த்துச் சாய்த்துக் கூட்டியதில் எனக்கு எழுபத்திரண்டு, பர்வீனுக்கு எழுபத்தொன்று என்று வந்தது. ஆனால் எழுபத்திரண்டு என்பது உள்ளேயா, வெளியேயா? அது மற்றவர்களைப் பொறுத்தது.

பர்வீனின் அப்பா ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் ‘செலக்‌ஷன்’ பார்ப்பவர். மொத்தமாக ‘லாட்டு’ லாட்டாக வரும் தோலை மேசை மேல் விரித்து, வருடி, திருப்பி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரித்துப் போடுவது அவர் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவரிடம் பர்வீன் கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று கேட்டாள். அவர் கத்திரிக்காய்த் தொக்கை விட்டுத் தலை நிமிராமலே சொன்னார்: “லாட்டு முழுசா பிரிச்சுப் பாக்காம கோடு எங்க விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. நல்ல லாட்டு வந்துச்சுன்னா நல்ல தோலே செகண்ட்ல போய்டும்.”

மனிதர் தன் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். நாங்கள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, லாட்டு முழுவதையும் பிரிக்கக் கிளம்பிவிட்டோம்.

பர்வீனின் சைக்கிளில் அவள் மிதிக்க, நான் பின்னால் மூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார, தெருத் தெருவாக ஊரை அளந்தோம். பேர்ணாம்பட்டு சாலையில் ஆரம்பித்து, பாலாற்று ஓரம் வரை போய், ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து, ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக் கதவையும் தட்டி, “கணக்குல எவ்ளோடி வரும்?” என்று கேட்டோம். ஒரு வீட்டில் ஷர்பத், அடுத்த வீட்டில் நீர்மோர், இன்னொரு வீட்டில் திட்டு. கணியம்பாடிக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒருத்தியைக்கூட விடவில்லை, அவள் அண்ணன் போனில் கூப்பிட்டுக் கேட்டோம். பரீட்சைக்கு முன்னால் அவ்வளவு ஊக்கமாக உழைத்திருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது என்று அம்மா சொன்னதை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாளே ஒன்று புரிந்தது. உண்மை சொல்கிறவள் ஒருத்தியும் இல்லை. நன்றாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் “பாஸானா போதும்டி” என்று கண்ணைக் கசக்கினார்கள். வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்கும் தேன்மொழி, தனக்கு அறுபது தாண்டாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முப்பத்தைந்துக்கே முக்குகிறவர்களோ “எண்பதுக்குக் கம்மியில்ல” என்று மாம்பழம் கடித்தபடி சிரித்தார்கள். எனவே பர்வீன் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தாள்: அழுதால் இருபது கூட்டு, சிரித்தால் இருபது கழி. தேன்மொழி கதவையும் சாத்தியதால் அவளுக்கு மட்டும் முப்பத்தைந்து கூட்டினோம்.

ஒரு வாரத்தில் மூடி நிறைந்தது. வரிசைப்படுத்தினோம். ஐம்பதாவது இடத்தில் எழுபது வந்தது. எழுபத்திரண்டும் உள்ளே, எழுபத்தொன்றும் உள்ளே! பர்வீன் வீட்டு மொட்டை மாடியில், காயப்போட்டிருந்த துணிகளுக்கு நடுவில் இரண்டு பேரும் ஆடிய ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து கேட்டார், “இன்னாம்மா, பூகம்பமா?”

அந்தச் சந்தோஷம் நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் செய்தித்தாளில் வந்தது: கணக்குத் தாளில் ஒரு கட்டாயக் கேள்வி தவறானது, கூம்பின் உயரத்தையே கொடுக்காமல் கன அளவு கேட்டிருக்கிறார்கள், அந்தக் கேள்விக்கு விடை எழுத முயன்ற எல்லோருக்கும் ஐந்து மதிப்பெண் முழுதாக உண்டு. ஊரே குதித்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் நான் அந்தக் கேள்விக்கு விடை எழுதியிருந்தேன். உயரம் பத்து என்று நானாக வைத்துக்கொண்டு, அரைப் பக்கம் எழுதி, விடையும் கண்டுபிடித்திருந்தேன். கடைசி மணி அடிக்கும்போது, இல்லாத உயரத்தை நாமாக வைத்தால் திருத்துகிறவர்கள் சிரிப்பார்களே என்று வெட்கம் வந்து, மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டேன். இப்போது எல்லோருக்கும் ஐந்து ஏறினால் கட்-ஆஃப் எழுபத்தைந்து. பர்வீன் எழுபத்தாறு, உள்ளே. அடித்த விடையையும் முயற்சி என்று எடுத்துக்கொண்டால் நான் எழுபத்தேழு. இல்லையென்றால் அதே எழுபத்திரண்டு, வெளியே.

பர்வீனின் அப்பாவிடம் ஓடினோம். “மாமா, எழுதிட்டு அடிச்சிட்டா அது எழுதுனதா, எழுதாததா?”

“ஆட்டுத்தோலப் பத்திக் கேளும்மா, சொல்றேன்” என்றார் அவர். “இது கவர்மெண்ட்டு பேஜாரு.”

பர்வீனுக்குச் சந்தேகமே இல்லை. “அடிச்சா இன்னா? கீழ எழுதுனது தெரியுது இல்ல? திருத்தறவங்களுக்குக் கண்ணு இல்லியா?” என்று என் பெயருக்கு நேரே எழுபத்தேழு எழுதினாள். நான் அழித்து எழுபத்திரண்டு எழுதினேன். மறுநாள் வந்து பார்த்தால் மறுபடியும் எழுபத்தேழு. அழித்து அழித்து அந்த இடத்தில் அட்டையே ஓட்டையாகிவிட்டது. இப்படிப்பட்ட தோஸ்த்தைப் பற்றித்தான் ஒரு மதியம், இவள் கணக்குத் தாள் வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறந்து மார்க் குறைந்தால் ஓர் இடம் காலியாகுமே என்று நினைத்தேன். நினைத்த மறுநிமிடமே என் மேலேயே அருவருப்பு வந்தது. அவளிடம் அதைச் சொல்ல எனக்குப் பல வருஷம் பிடித்தது. சொன்னபோது அவள், “நானும் உன் கிராஃபப் பத்தி நெனச்சேன்டி” என்று சொல்லிச் சிரித்தாள்.

ரிசல்ட் அன்று பிரவுசிங் சென்டர் வாசலில் வரிசையில் நின்றோம். கடைக்காரர் மதிப்பெண்ணை ஏலம் விடுகிற மாதிரி கத்திப் படிப்பார். பர்வீனுக்கு எழுபத்தொன்பது. எனக்கு எழுபத்துநான்கு. எழுபத்திரண்டும் இல்லை, எழுபத்தேழும் இல்லை! அடித்த கோட்டுக்கு மார்க் கொடுத்து வேறெங்கோ குறைத்தார்களா, கோட்டை மதிக்காமல் வேறெங்கோ இரக்கப்பட்டார்களா, இன்றுவரை தெரியாது. தெரிந்ததெல்லாம் எங்கள் மூடியின்படி எழுபத்தைந்துக்கு ஒன்று குறைவு என்பதுதான். பர்வீன் தன் மார்க்கைப் பற்றி வாயே திறக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தே வந்தாள். கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கிய அம்மா, தெருமுனையிலேயே என் முகத்தைப் பார்த்து பெயில் என்று நினைத்துப் பதறி, எழுபத்துநான்கு என்று கேட்டதும் முதுகில் ஒன்று வைத்தாள்.

சேர்க்கைப் பட்டியல் ஒட்டிய அன்று பள்ளிக்கே போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். பர்வீன் இழுத்துக்கொண்டு போனாள். அறிவிப்புப் பலகையில் என் பெயர் இருந்தது. இரண்டு முறை விரலால் தொட்டுப் பார்த்தேன். கடைசிப் பெண்ணின் மதிப்பெண் அறுபத்தேழு.

எப்படி? திரும்பினால், பக்கத்து வரிசையில், வணிகவியல் பிரிவுக்கு விண்ணப்பத்தோடு நிற்கிறாள் தேன்மொழி. தொண்ணூற்றெட்டு வாங்கியவள்.

“இன்னாடி, இங்க வந்து நிக்கற?”

“எனக்கு அக்கவுண்ட்ஸ்தான் புடிக்கும். எங்க மாமா ஆபீஸ்ல லீவுக்கு லீவு பாத்துட்டே இருப்பேன்.”

“எங்க கிட்ட சொல்லவே இல்லியே!”

“நீங்க மார்க்குதானே கேட்டீங்க” என்றாள் அவள்.

அவள் மட்டுமா? எங்கள் மூடியில் மேல் வரிசையில் இருந்த ஒருத்தி நர்சிங் பிரிவுக்கு நின்றாள். மூன்று பேர் ஷூ தொழில்நுட்பம் படிக்க பாலிடெக்னிக் போகிறார்களாம். ஒருத்தி வரலாறு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள். தொண்ணூற்றாறு வீட்டுக் கதவைத் தட்டி, ஷர்பத் குடித்து, அழுகைக்கும் சிரிப்புக்கும் விலை போட்ட நாங்கள், “உனக்கு இன்னா படிக்கணும்?” என்று ஒருத்தியைக்கூடக் கேட்கவில்லை. நாங்கள் ஆசைப்பட்டதற்குத்தான் ஊரே ஆசைப்படும் என்று நினைத்திருந்தோம். பர்வீனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிக்க ஆரம்பித்தவர்கள், அலுவலக அறையிலிருந்து தலைமையாசிரியை எட்டிப் பார்க்கும் வரை நிறுத்தவில்லை.

இன்று நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பர்வீன் பள்ளியில் கணக்கு டீச்சர். பரீட்சை முடித்த பிள்ளைகள் வீடு வந்து சேர்வதற்குள் விடைக்குறிப்பு போனுக்கு வந்துவிடுகிறது என்கிறாள். கட்-ஆஃப் எவ்வளவு என்று கணித்துச் சொல்ல வீடியோக்காரர்கள் இருக்கிறார்கள். நகக்கீறலும் இல்லை, வேப்பமரத்தடிக் கூட்டமும் இல்லை. முன்பின் தெரியாத வீட்டில் நுழைந்து மார்க் கேட்டுத் திட்டு வாங்குகிற பெண்களும் இல்லை. பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை.

போன மாதம் குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் ஒரு முகம் தெரிந்த மாதிரி இருந்தது. எங்கள் தொண்ணூற்றாறில் ஒருத்தி. அவளும் அடையாளம் கண்டுகொண்டாள். “மூடியத் தூக்கிட்டு வந்தவ இல்ல நீ?” என்றாள். குழந்தைகள், வேலை, மாமியார் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, தொண்டைவரை வந்ததைக் கேட்டே விட்டேன்: “அப்ப உனக்கு இன்னா படிக்கணும்னு ஆச இருந்துச்சு?”

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, நன்றாகத் திரும்பி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போயிற்று. நான் இறங்க வேண்டிய நிறுத்தமும் போயிற்று. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.