வீரையன் மடை

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கும் செந்தாமரை, லேசில் யாரையும் நம்பமாட்டார். மானிட்டர் ஒன்று சொன்னால் நாடியைத் தொட்டுப் பார்ப்பார். டாக்டர் வாயால் சொன்னால், "எழுதிக் குடுத்துடுங்க மேடம்" என்பார். இப்பேர்ப்பட்டவர் நம்புவது ஒரே ஒரு வகையினரை: பேச முடியாமல் படுத்திருப்பவர்களை.

மூன்றாம் கட்டிலில் வலங்கைமான் பக்கத்து விவசாயி வீரையன். நிமோனியா, தொண்டையில் வென்டிலேட்டர் குழாய். ஐந்தாம் நாள் காலை மயக்க மருந்தைக் குறைத்தார்கள். அமைதியாக இருந்தால் மறுநாள் குழாயை எடுத்துவிடலாம். அவரோ விழித்ததிலிருந்து இரண்டு கையாலும் எதையோ இழுத்துக்கொண்டே இருந்தார். குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று கையைக் கட்டிவிட்டார்கள்.

"சாயங்காலமும் இப்படியே இருந்தா மறுபடி தூங்க வெச்சிடணும்" என்றார் டாக்டர் பூர்ணிமா. "அப்புறம் குழாய் எப்ப எடுக்கறதுன்னு சொல்ல முடியாது."

செந்தாமரை இரண்டு கைக்கட்டையும் அவிழ்த்துப் பேனாவைக் கொடுத்தார். "என்ன வேணும்னு எழுதுங்க ஐயா."

கோணல்மாணலாக வந்தது: மடை.

செந்தாமரையின் அம்மா ஊரார் வயலிலெல்லாம் நாற்று நட்டவர். மகளுக்கு நெல்லைப் பற்றித் தெரிந்தது சோறு மட்டும். ஆகவே ஊரிலிருந்த வீரையனின் மகன் குணசேகரனுக்குப் போன் போட்டார்.

"அடடா, இன்னிக்கு வாய்க்கால் தண்ணி எங்க வயலுக்கு முறை சிஸ்டர்! அப்பாதான் மண்வெட்டியால மடைய வெட்டி விடுவாரு. வெட்டியாச்சுன்னு சொல்லிடுங்க."

"வெட்டியாச்சா?"

"...போறேன்."

"வெட்டிட்டு அங்கயே போனைப் பிடிங்க. அவரே கேக்கட்டும்."

அரை மணியில் அழைப்பு வந்தது. வீரையனின் காதோரம் தண்ணீர் சலசலத்தது. கேட்டார். இல்லை என்று தலையாட்டினார். கைகள் மறுபடி இழுத்தன.

"பெருசுக்குக் குழப்பம்க்கா" என்றாள் உடன் வேலை பார்க்கும் ஆஷிகா.

செந்தாமரை போனை வாங்கினார். "சார், அது உங்க மடை இல்லையாமே?"



"எப்படிங்க கண்டுபிடிச்சாரு? எங்க மடை ரொம்ப உள்ள. அங்க ஒரு கருங்கல்லு மேல விழுந்து ஓடும். இது ரோட்டோர வயல்காரர் துரைராசு மடை. ஓடிக்கிட்டிருந்துச்சு, அதான்..."

"முறை உங்களுதுன்னீங்க. தண்ணி அவருக்கா போகுது?"

போன் துண்டிக்கப்பட்டது. அடுத்த அழைப்பில் மகனுக்கு மூச்சு இரைத்தது. தண்ணீர் கல்லில் தடதடவென்று விழுந்தது. வீரையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கைகள் வயிற்றின்மேல் படுத்துக்கொண்டன.

"மருந்து வேணாம் போலிருக்கே" என்றார் சாயங்காலம் வந்த பூர்ணிமா.

"எழுதிக் குடுத்துடுங்க மேடம்."

மறுநாள் குழாயை எடுத்தார்கள். பார்க்க வந்த மகனிடம் வீரையன் கரகரத்த குரலில் பேசிய முதல் பேச்சு: "துரைராசு மடைய அடைச்சியா?"

ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்த செந்தாமரையும் பதிலுக்காக நிமிர்ந்தார்.