அமெரிக்காவின் கடைமடை

அறுபத்தொரு வயதில் தனியாக அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது என் மகள் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. நியூஜெர்சியில் அவள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவளுக்கும் மருமகனுக்கும் லீவு கிடைக்கவில்லை. நானோ வாஷிங் மெஷினையும் வேலிமேல் ஓடுகிற அணிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அணில் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கடைசியில் ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். வழியில் எந்தத் தடங்கல் வந்தாலும் அவளிடம் சொல்லிவிட்டு அடுத்த விமானத்தில் திரும்பிவிட வேண்டும். நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ் என்று நான்கு ஊருக்கும் அவளே டிக்கெட் போட்டுத் தந்தாள்.

உண்மையைச் சொன்னால், முதல் மூன்று ஊரும் எனக்குச் சாக்குதான். நான் பார்க்க ஆசைப்பட்டது நான்காவது ஊரை.

எங்கள் ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். காவிரியின் கடைமடை. மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று டி.வி.யில் வரும். கல்லணையில் பூத்தூவித் தண்ணீர் விட்ட படம் பேப்பரில் வரும். மேலே இருப்பவர்கள் நாற்றுவிட்டு முடிக்கிற சமயத்திலும் நாங்கள் வாய்க்காலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். வழியெல்லாம் பாய்ந்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்குப் பாயசம் வருகிற கதை. வந்தாலும் வரும், வராவிட்டாலும் கேட்க முடியாது. இந்த வருஷமும் ஜூன் மாதத்தில் அணை திறந்தாயிற்று. தண்ணீர் வருகிற நேரத்தில் வயலை விட்டுவிட்டு வர முடியாது என்று என் கணவர் அமெரிக்காவுக்கே வரவில்லை.

மிசிசிப்பி என்கிற ஆறு நியூ ஆர்லியன்ஸைத் தாண்டித்தான் கடலில் சேர்கிறது, அங்கே போயும் அதில் தண்ணீர் குறைவதே இல்லை என்று மகள் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னாள். கடைமடையில் நிறைந்து ஓடுகிற ஆறா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். காரணத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் யூடியூபில் போட்டுக் காட்டி, ‘இதோ பாத்தாச்சு’ என்று முடித்துவிடுவாள்.

சாக்கு என்று சொன்னேனே தவிர, அந்த ஊர்களும் என்னை லேசில் விடவில்லை. நியூயார்க்கில் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துப் பார்த்து இரண்டாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒரு கட்டடத்தின் உச்சியை மேகம் மறைத்திருந்தது. மேகம் விலகட்டும் என்று அரை மணி நேரம் நடைபாதையில் நின்றேன். ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் கடைத்தெருவில் அப்படி நின்றால் பத்துப் பேர் கூடி, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று சோடா வாங்கப் போயிருப்பார்கள். வாஷிங்டனில் பாதாள ரயிலில் தூங்கிப்போய்க் கடைசி ஸ்டேஷனில் இறங்கினேன். திரும்பி வந்து மியூசியத்தில் நிலாவிலிருந்து கொண்டுவந்த கல்லை விரலால் தொட்டுப் பார்த்தேன். தொடலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தொட்ட விரலை அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கிப்போனது மகளுக்குத் தெரியாது. நிலாவைத் தொட்டது மட்டும் தெரியும்.

சிகாகோவில் விமானத்திலிருந்து நான் இறங்கினேன். என் பெட்டி இறங்கவில்லை. மாற்றுப் புடவை, மாத்திரை டப்பா, போன் சார்ஜர் எல்லாம் அதற்குள். மாத்திரையில் நான்கு நாளுக்கு உள்ளது கைப்பையில் இருந்தது, அந்த மட்டும் தப்பித்தேன். பெட்டியை நேராக நியூ ஆர்லியன்ஸ் விடுதிக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். இதுவும் தடங்கல்தான். ஆனால் மகளிடம் சொன்னால் ஆறு போய்விடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஊர்ப் பெயர் பெரிதாக எழுதிய பனியன் ஒன்றை வாங்கிப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, கடல் மாதிரி கிடந்த ஏரிக்கரையில் இரண்டு நாள் சுற்றினேன். ஏரி என்றார்கள். அக்கரை தெரியவில்லை, அலை அடித்தது. ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன், நல்ல தண்ணீர். இத்தனை நல்ல தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

விடுதியின் வரவேற்பில் என் வயதுள்ள ஓர் அம்மாள் இருந்தார். தன் சார்ஜரைக் கொடுத்து உதவினார். மாலையில் திரும்பினால், சாப்பிட்டாயா என்று கேட்பார். இரண்டாம் நாள் சாயங்காலம் நியூ ஆர்லியன்ஸ் ரயிலுக்குக் கிளம்பும்போது அறைச் சாவியை மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன். அறைக்கு மறுநாள் காலைவரை பணம் கட்டியிருந்தது. வாசலில் நின்று அவரிடம் கையை ஆட்டி, “ஐ வில் கோ அண்ட் கம், மேடம்” என்றேன்.

வேறு எப்படிச் சொல்வது? ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் நம்மிடம் உண்டா? வாய்தவறி அப்படிச் சொன்னாலே பெரியவர்கள் அதட்டுவார்கள். இனி எந்தக் காலத்திலும் திரும்பப் போவதில்லை என்று தெரிந்த இடத்திலும் ‘போயிட்டு வரேன்’தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது அந்த ஒரு வரியால்.

சார்ஜர் இல்லாததால் ரயிலில் ஏறியதும் போனை அணைத்து வைத்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் போனை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பாதி வழியில் மெம்பிஸ் என்கிற ஊரில் வண்டி நின்றபோது டிக்கெட் பரிசோதகர் என் இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு, தன் போனை என் கையில் கொடுத்தார். அதில் என் மகள்.

“அம்மா, எங்க இருக்க?”

“ரயில்லதான்டி. வேற எங்க இருப்பேன்?”

அவள் அழ ஆரம்பித்தாள். நடந்தது அப்புறம்தான் தெரிந்தது. வருவதாகச் சொல்லிப் போனவள் வரவில்லை என்று அந்த அம்மாள் காத்திருந்திருக்கிறார். வெளியூர்க்காரி, தனியாள், வயதானவள் என்று மனது கேட்காமல், விடுதியில் எழுதிக் கொடுத்திருந்த எண்ணில் மகளைக் கூப்பிட்டிருக்கிறார். ரயிலுக்குப் போக வேண்டியவள் ஏன் விடுதிக்குத் திரும்பி வருவதாகச் சொன்னாள், நாள் மாறிப் புரிந்துகொண்டு எங்கேயோ அலைகிறாளா என்று மகளுக்குக் கலக்கம். என் போனோ அணைந்து கிடக்கிறது. ரயில்காரர்களைப் பிடித்துப் பேச அவளுக்கு விடிந்துவிட்டது.

நான் சொன்னது ‘போயிட்டு வரேன்’தான் என்று விளக்கினேன். பதினைந்து வருஷமாக அங்கே இருக்கிறாள். அவளுக்கு அது தோன்றவே இல்லை. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்து, அந்தக் கோபத்தையும் சேர்த்து என்மேல் கொட்டினாள். பெட்டி தொலைந்ததும் வெளியே வந்தது. மெம்பிஸிலேயே இறங்கு, அங்கிருந்து விமானத்துக்கு டிக்கெட் போடுகிறேன், சுற்றினது போதும் என்றாள். நிபந்தனை நிபந்தனைதானே. நான் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். பரிசோதகர் கதவருகே நின்று, இறங்குகிறீர்களா என்று கேட்டார்.

என் கால் நகரவில்லை. அதுவரை யாரிடமும் சொல்லாததை அந்த அந்நிய மனிதரின் போனில் சொன்னேன்.

“நான் கடைமடையிலயே பொறந்து கடைமடையிலயே வாக்கப்பட்டவ. தண்ணி வருமா வருமான்னே அறுபது வருஷம் ஓடிப்போச்சு. ஒரு ஆறு கடைசி வரைக்கும் நெறஞ்சு போறத ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்டி. அப்புறம் நீ உக்காருன்னு சொல்ற எடத்துல உக்காந்துக்கறேன்.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பரிசோதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பாத்துட்டு வாம்மா,” என்றாள். “இனிமே எதையும் மறைக்காத.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, அணைந்து கிடந்த என் போனை எடுத்தேன். எதிர் இருக்கைப் பெண் ஒன்றும் கேட்காமல் தன் சார்ஜரை நீட்டினாள். அதற்குப்பின் ஜன்னலைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. வயல் என்றால் அது வயல். கண்ணுக்கெட்டிய மட்டும் வரப்பே இல்லை. ஒரு வேலி, அதாவது ஆறேழு ஏக்கர் நிலத்துக்கு எத்தனை பங்காளி, எத்தனை வரப்பு, எத்தனை வழக்கு என்று பார்த்தே பழகிய எனக்கு அது விசித்திரமாக இருந்தது. அத்தனை பரப்பிலும் ஓர் ஆள்கூட இல்லை. யாரிடம் ‘என்னங்க, நடவு முடிஞ்சுதா’ என்று கேட்பார்களோ!

நியூ ஆர்லியன்ஸ் விடுதியில் பெட்டி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினேன்.

நம் ஊரில் ஆற்றுக்கு இறங்கிப் போவோம். அங்கே ஏறிப் போக வேண்டியிருந்தது. தெரு முடிந்த இடத்தில் கரை உயர்ந்து நின்றது. கரைக்கு மேலே, வீடுகளின் கூரை உயரத்தில், ஒரு கப்பல் நகர்ந்து போனது. தெருவில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நாம் பேச்சுக்குத்தான் சொல்கிறோம். இந்த ஊர்க்காரர்கள் நிஜமாகவே அதன்கீழ் குடியிருக்கிறார்கள். படி ஏறி மேலே போனேன்.

ஆறு இருந்தது. அதற்குமேல் எப்படிச் சொல்ல என்று எனக்குத் தெரியவில்லை. நம் வாய்க்காலில் முதலில் வருகிற புதுத்தண்ணீரின் அதே செம்மண் நிறம். ஆனால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே ஒரு மணல் திட்டு இல்லை, ஒரு காட்டாமணக்கு இல்லை, முழுக்கத் தண்ணீர். அவசரமே இல்லாமல், யாரும் மதகைத் திறக்காமல், யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

பெஞ்சில் காபியோடு உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர், முதல்முறையாகப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். எங்கள் ஊரில் தண்ணீர் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வோம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, நாங்கள் அது ஊருக்குள் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறோம் என்றார். ஒருமுறை அவர் வீட்டுக்குள் கூரைவரை தண்ணீர் வந்துவிட்டதாம். கடைமடை எங்கேயும் சும்மா இருக்க விடாது போலிருக்கிறது.

வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். ஊரில் அப்போது சாயங்காலம். முகம் தெரிகிற மாதிரிப் பேசினோம். வாய்க்காலில் நின்றுகொண்டிருந்தார், பின்னால் வெடித்த மண் தெரிந்தது. தண்ணீர் இன்னும் வரவில்லை, இரண்டு நாளில் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றார். நான் போனை ஆற்றுப்பக்கம் திருப்பினேன். அத்தனையும் கடலுக்குப் போய் வீணாகிறதே என்று புலம்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நாற்பது வருஷமாக அந்தப் புலம்பலைக் கேட்டவள் நான். 

“கும்பிட்டியா?” என்று கேட்டார்.

நான் கும்பிடவில்லை. வந்த நேரம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். பெஞ்சிலிருந்தவரிடம் போனைக் கொடுத்து, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு தண்ணீர்வரை இறங்கும் படிகளில் இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் நனைவதற்கு முன் ஒரு கை தண்ணீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது, அந்த மனிதர் அவராகவே எழுந்து நின்று போனை ஆற்றை நோக்கி உயர்த்திப் பிடித்திருந்தார். மேலே ஏறிப்போய் அவர் தோளோரமாகத் திரையைப் பார்த்தேன். காய்ந்த வாய்க்காலுக்குள், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, என் கணவர் கைகூப்பி நின்றிருந்தார்.