உருகாத மால்

போன வாரம் செம்பூர் வீட்டில் குளியலறை சுவிட்ச் கருகிவிட்டது. பழைய கட்டடம், பழைய கறுப்பு பேக்லைட் சுவிட்ச், சூடு பட்டால் உருகாமல் கருகுகிற வகைப் பிளாஸ்டிக். எலெக்ட்ரீஷியன் அதை வெளியே இழுத்ததும் ஒரு வாடை வந்தது பாருங்கள், பாதி ஆஸ்பத்திரி, பாதி மீன் மார்க்கெட். மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டாள். நான் மட்டும் அதைக் கையில் வாங்கி முகர்ந்துகொண்டு நின்றேன். எலெக்ட்ரீஷியன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த வாடை என்னைத் தாராவிக்குக் கூட்டிப் போய்விட்டது அவருக்கு எப்படித் தெரியும்?

தாராவியில் இருந்தபோது எனக்கும் இசக்கிக்கும் கூட்டாக ஒரு பழைய பிக்கப் சரக்கு வண்டி இருந்தது. இசக்கி என் மனைவியின் தம்பி. வடாலாவில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலையில் இருந்தவன். எத்தனை நாளைக்கு இன்னொருத்தனுக்கு உழைப்பாய் என்று அவனை உசுப்பிவிட்டவன் நான்தான். பேச என்ன, வாய் வாடகையா கேட்கிறது? அவன் வேலையை விட்டான். வண்டி வாங்கினோம்.

வண்டியின் உடம்பு ஒன்று, எஞ்சின் வேறு. பழைய சொந்தக்காரர் எதிலிருந்தோ கழற்றிய பெட்ரோல் எஞ்சினை அதற்குள் உட்கார வைத்திருந்தார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வண்டியில் இருந்தது என்றான் தரகன். படகில் ஓடியது என்றார் மெக்கானிக். பெயர்த்தகட்டை யாரோ பிடுங்கிவிட்டார்கள். ஓடுகிறவரைக்கும் குலம் கோத்திரம் எதற்கு என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துவந்த மாமா ஒருவர்தான் எங்களுக்குப் படியளந்தவர். அண்டா, அடுப்பு, அரிசி மூட்டையிலிருந்து அப்பளக்கட்டு வரை எங்கள் வண்டியில்தான் போகும். ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை தாணேயில் ஒரு கல்யாணம். அதற்கு நாலு நாள் முன்னால், கொட்டுகிற மழையில், வண்டி படுத்துவிட்டது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல். பந்தியில் ஒவ்வோர் இலையாகப் போய்ப் பரிமாறுகிறவர் போல, பிளக் பிளக்காக மின்பொறியைப் பங்கு போடுகிற சாமான் அது. ஈரம் விரிசலுக்குள் இறங்கியதும் ஓர் இலைக்கும் சோறு போய்ச் சேரவில்லை. சாதாரண மூடியில் ஆறு குழாயும் மேலே பார்த்து நிற்கும். எங்கள் மூடியில் ஆறும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். அப்படி ஒன்றை மெக்கானிக்கே பார்த்ததில்லை.

மனைவியின் நகப்பூச்சை விரிசலில் தடவினால் கொஞ்சம் தாங்கும் என்றார் அவர். தடவினோம். சயான் வரைக்கும் தாங்கியது. சிவப்புப் பூச்சோடு அந்த மூடியைத் தூக்கிக்கொண்டு குர்லாவில் பார்ட்ஸ் கடை கடையாக ஏறினேன். எல்லாரும் முதலில் என்ன வண்டி என்றுதான் கேட்டார்கள். நானும் ஒவ்வொரு கடையிலும் ஒழுங்காகப் பிக்கப்பின் பெயரைச் சொன்னேன். அவர்களும் ஒழுங்காக அந்தப் பிக்கப்புக்கு உரிய மூடியை எடுத்து வைத்தார்கள். எங்கள் எஞ்சினில் அது உட்காராது. இப்படியே இரண்டு நாள் போயிற்று. என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாமா ஆளனுப்பாமல் அவரே போன் செய்தார். "சனிக்கிழமை கார்த்தாலைக்குள்ள வண்டி ரெடின்னு சொல்லணும். இல்லேன்னா நான் வேற வண்டி பாத்துண்டுடுவேன். அப்புறம் என்னைக் கோவிச்சுக்கப்படாது" என்றார். கோபம் எதற்கு? பயம்தான். மாமா போனால் வண்டி போகும். வண்டி போனால் இசக்கி எந்த முகத்தோடு வடாலாவுக்குத் திரும்புவான்? அவன் ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வண்டிப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது பேச்சியக்கா வந்தாள். எங்கள் சந்தில்தான் அவளுடைய கோடவுன். பழைய பிளாஸ்டிக் வாங்கி, இனம் பிரித்து, உருக்குகிறவர்களுக்கு விற்பாள். சரக்குக்கு அவள் சொல்லும் பேர் மால்.

"என்ன தம்பி, எளவு வீடு மாரி உக்காந்திருக்கிய?"

மூடியை நீட்டினேன். என்ன வண்டி என்று அவள் கேட்கவே இல்லை. நகத்தால் சுரண்டினாள். தீக்குச்சி கிழித்து ஓரத்தில் காட்டி, மூக்கருகே கொண்டுபோனாள். அந்த வாடைதான்.

"இது உருகாத மாலுல்லா. இத எவன் வாங்குவான்? எங்க மச்சுல மூணு மூட்ட சும்மா கெடக்கு."

தாராவியில் ஒரு பொருள் என்னவாக இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எதனால் ஆனது என்பதுதான் கேள்வி. வண்டியை உடைத்தால் இரும்பு இரும்போடு போகும், செம்பு செம்போடு போகும். அதன் மூடியோ குக்கர் கைப்பிடியோடும் பழைய போனோடும் சேர்ந்துவிடும். நான் குர்லா முழுக்கத் தேடிய சாமான் நாற்பது அடி தள்ளி, விலை போகாத மூட்டையில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மச்சில் மூட்டைகளைக் கொட்டினோம். நானும் இசக்கியும் ஒன்றை எடுத்துப் பார்ப்பதற்குள் கோடவுன் பெண்கள் ஐம்பதைத் தள்ளிவிட்டார்கள். மொத்தம் பதினோரு மூடி தேறின. பத்து மேலே பார்த்தவை. மூட்டையின் அடியில் கையை விட்டுப் பேச்சியக்கா எடுத்த பதினோராவது, ஆறு குழாயையும் ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரிசல் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாட்டப் போனபோதுதான் அடுத்த கூத்து. கடைக்கு ஓடும் அவசரத்தில் ஆறு ஒயரையும் நான் பிடுங்கிப் போட்டிருந்தேன். எது எதற்குப் பின்னால்? வரிசை மாறினால் எஞ்சின் டப் டப்பென்று வெடிக்குமே தவிர ஓடாது. இசக்கி குனிந்து ஒயர்களைத் தூக்கிக் காட்டினான். ஒவ்வோர் ஒயரிலும் நூல் கட்டியிருந்தது. முதலாவதில் ஒரு முடிச்சு, இரண்டாவதில் இரண்டு, இப்படி ஆறு வரை. நான் பிடுங்கப் போகிறேன் என்று தெரிந்து முன்கூட்டியே கட்டியிருக்கிறான்.

அப்போது தாளாமல் கேட்டுவிட்டேன், என் பேச்சைக் கேட்டு வேலையை விட்டதற்கு வருத்தமா என்று.

"வேலய விட்டது நான் அத்தான். நீங்க பேசுனிய, அவ்வளவுதான்" என்றான். சாவியைத் திருப்பினான்.

மூன்றாவது திருப்பலில் எஞ்சின் பிடித்தது. சந்தே அதிர்ந்தது. கோடவுன் பெண்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். அன்று ராத்திரியே மாமாவுக்குப் போன் போட்டு வண்டி ரெடி என்றோம். ஞாயிற்றுக்கிழமை தாணே மண்டப வாசலில், முகூர்த்தத்துக்கு நாலு மணி நேரம் முன்னால் போய் நின்றோம். முன்சீட்டு நடுவில் பேச்சியக்கா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். மூடிக்கு விலையாக அவள் கேட்டதே அந்த இடத்தைத்தான். மாமா அவளைச் சம்பந்தியம்மா என்று நினைத்துக் கும்பிட்டார். நாங்கள் திருத்தவில்லை.

இன்று அந்த வண்டி இல்லை, அதன் இரும்பும் இரும்போடு போய்ச் சேர்ந்தாயிற்று. புதுக் கட்டடம் வரப்போகிறது என்று, கோடவுன் இருந்த சந்து முழுவதையும் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். பேச்சியக்கா பாண்டுப்பில் மகளோடு இருக்கிறாள். இசக்கிக்கு ஐந்து வண்டி. எதிலும் அந்த மாதிரி மூடியே கிடையாது.

சமீபத்தில் இசக்கி பதறிக்கொண்டு வந்தான். அவன் மகள் நல்ல வேலையை உதறிவிட்டுத் தோழியோடு சொந்தத் தொழில் தொடங்கப் போகிறாளாம்.

"நீங்க சொன்னா கேப்பா அத்தான். வேலய விட வேண்டாம்னு சொல்லுங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வண்டி போனதும் சந்து போனதும் எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. ஒரு பேச்சில் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்த அந்த இசக்கியை எதிரில் இருந்தவனிடம் தேடினேன், காணோம். மறுநாள் அவன் மகளைக் கூப்பிட்டுப் பேசினேன். என்ன சொன்னேன் என்பதை நீங்கள் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.