மாவு மில் சுருதி

காரிமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில் மாவு மில் வைத்திருக்கும் சோபனாவுக்குக் குரலில் ஒரு குறையும் இல்லை. மோட்டார் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். அவள் கூப்பிட்டால் அடுத்த தெரு மாடும் திரும்பிப் பார்க்கும். வம்பெல்லாம் காதில்தான். சுருதி ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள்.

அவள் பாடும் மாதா கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் சவுரியப்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியே விட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சோபனா. திருவிழாப் பூசையில வாய மட்டும் அசைங்க, போதும்."

அடேங்கப்பா, வந்ததே கோபம்! வெறும் வாயை அசைக்க அவள் என்ன அசைபோடும் மாடா?

"திருவிழாவுக்கு முன்னாடி என்னத் தனியா பாடச் சொல்லிக் கேளுங்க. சுருதி சேர்ந்தா பதிலுரைப் பாடல் நான்தான் பாடுவேன். சேரலன்னா குழுவ விட்டே நின்னுக்கறேன்" என்றாள்.

அந்தப் பாட்டை ஒருவர் தனியே நின்று பாட வேண்டும். ஒவ்வொரு அடி முடிந்ததும் சபை மொத்தமும் பல்லவியைத் திருப்பிப் பாடும். விளையாட்டுக் காரியமில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாடிப் போனில் பதிவு செய்து கேட்டாள்.

"இந்தப் போனு சரியில்லைங்க" என்றாள் கணவன் முருகேஷிடம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்று அவன் சிரித்தான். தன் போனையும் நீட்டினான். அதுவும் அதையேதான் சொன்னது. சோபனாவுக்கு அழுகை வந்தது. அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு மில்லைத் திறக்கப் போனாள்.

காலையில் ஆள் வருமுன் மோட்டார் வெறுமனே ஓடும்போது 'ம்ம்ம்' என்று ஒரே நாதமாக நிற்கும். அதோடு ஒட்டி முனகிப் பார்த்தாள். இரண்டு சத்தமும் உரசிக் காதுக்குள் படபடவென்று அதிர்ந்தது. குரலைக் கொஞ்சம் ஏற்றினாள், அதிர்வு மெதுவானது. இன்னும் ஒரு மயிரிழை ஏற்றினாள், நின்றேபோனது. எது தன் குரல், எது மோட்டார் என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

"அட, இதானா சேர்றது!" என்று தனியே கத்தினாள்.

அன்று முதல் மில் ஓடும் நேரமெல்லாம் முனகல்தான். பாடப் பாட ராகம் என்று சும்மாவா சொன்னார்கள்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சவுரியப்பனிடம் போய்ப் பாடினாள்.

"ஆரம்பம் சொக்கத்தங்கம். ரெண்டாவது அடியில எறங்கிட்டீங்களே" என்றார் அவர். "திருவிழாவுக்கு நாள் இருக்குது. இன்னொருக்கா கேக்கறேன்."

மறுநாள் தீர்த்தம்மாள் கேழ்வரகு அரைக்க வந்தார். சோபனா முனகிக்கொண்டே தொட்டியில் கொட்டினாள். பாரம் ஏறியதும் மோட்டார் திணறி, சத்தம் இறங்கியது. கூடவே அவள் குரலும் இறங்கியது. சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"கூறுகெட்டவளே, மில்லு எறங்கினா நீயும் எறங்குவியா!"

"யாருக்கும்மா திட்டு?" என்று தீர்த்தம்மாள் பயந்துபோனார்.

"எனக்குத்தான் ஆயா. நீங்க குடுங்க, கொட்டறதுக்கு இன்னும் குடுங்க."

மோட்டாரிடம் பாடம் கேட்டவள் அதன் களைப்பையும் சேர்த்தே படித்திருக்கிறாள். இனிப் பயிற்சி வேறு. தானியம் விழும்போது மோட்டார் இறங்கட்டும், தான் இறங்கக் கூடாது. முதலில் மோட்டார் கிணற்றுக்கயிறு போல் அவள் குரலைக் கீழே இழுத்தது. விடவில்லை. சில நாளில் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். தொட்டி காலியானதும் மோட்டார்தான் ஏறி வந்து அவளோடு சேர்ந்தது. "வா, வா" என்றாள்.

சவுரியப்பன் அவள் பாடியதை மறுபடி கேட்டார். "திருவிழாவுல பாடுங்க. ஆனா கீபோர்ட விட்டு நகராதீங்க" என்றார் அரைமனதாக.

திருவிழாப் பூசையில் சோபனா முதல் அடியைப் பாடி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. கீபோர்டு செத்துப்போனது. சபை பல்லவியைப் பாடியது. பிடிமானம் இல்லாமல் பாடப் பாடச் சத்தம் கீழே சரிந்தது. சவுரியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

சோபனாவுக்கு அந்தச் சரிவு நன்றாகத் தெரியும். கேழ்வரகு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த அடியைத் தன் பழைய இடத்திலேயே எடுத்தாள். சபை மறுபடி சரிந்தது; அவள் சரியவில்லை. அதற்கடுத்த பல்லவியில் சனம் அவளிடம் ஏறி வந்தது.

கடைசி அடியில் கரண்ட் வந்தது. சவுரியப்பன் பயந்து பயந்து கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டார். சோபனா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். துளி அதிர்வு இல்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"சோபனா, வர்ற ஞாயித்துக்கிழமை..."

"சொல்லுங்க" என்றாள் சோபனா. "வாய அசைக்கணுங்களா?"