செல்லத்தின் பேரில் இருந்த சாய்கோடு

மலேசியாவில், பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவன் நான், ஜெயபாலன். செல்லம் என் பஸ்ஸில் முதலில் ஏறுகிறவள். காஹாங் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, உரமூட்டை சுமந்து, புருஷன் போனபிறகு இங்கே வந்து பேக்கிங்கில் நின்றவள். மட்டம் போட்டதே கிடையாது. காய்ச்சலோடும் வருவாள், பல்லைப் பிடுங்கிக்கொண்டும் வருவாள். "வீட்ல இருந்து என்னாண்ணே செய்யறது, சுவத்தப் பாக்கவா?" என்பாள்.

போன வருஷம் தொழிற்சாலை கைமாறியது. புது முதலாளி ஒரு சட்டம் போட்டான். பழைய ஆட்கள் தொடர வேண்டுமானால், வாட்ஸாப்பில் வரும் லிங்கைத் திறந்து, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் 'சம்மதம்' என்பதை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். ஒவ்வொரு லிங்கிலும் அவரவர் அடையாள அட்டைப் பேர் அப்படியே இருந்தது.

செல்லம் தொட்டாள். 'இப்படி ஒரு பக்கம் இல்லை' என்று வந்தது. மலாய்க்காரப் பிள்ளைகள் பஸ்ஸிலேயே அழுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டன. சீனருக்கும் திறந்தது. இவள் விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்துத் தொட்டாள்.

"கை காச்சுப் போச்சுண்ணே. அதான் கேக்க மாட்டேங்குதோ?"

அவள் போனை வாங்கி நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்கும் திறக்கவில்லை.

வியாழக்கிழமை ஆபீசுக்கே போனாள். கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவர் ரூபேந்திரன். தமிழர்தான். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். அவள் கண்முன்னே தன் லிங்கைத் தொட்டுக் காட்டினார். டக்கென்று திறந்தது.

"பாத்தீங்களாக்கா? சிஸ்டம் ஓகே லா. உங்க போன்தான் பழசு."

"கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டுமா சார்?"

"அலமாக், பேப்பரெல்லாம் இப்ப கிடையாது. லிங்க்லதான் செய்யணும்."

மறுநாள் மகள் பிரவீனாவின் புதுப் போனைக் கொண்டுவந்தாள். அதிலும் பக்கம் இல்லை. மற்ற தமிழாட்களுக்கும் இதே கதைதான். ஆனால் ஒவ்வொருவரும் தன் போன்தான் கெட்டுவிட்டது என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் கேட்கவில்லை, பாவிகள்! ஐந்து மணி அடித்தது.

திங்கட்கிழமை காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தமிழ்த் தொழிலாளர்கள் ஒருவரும் ஏன் சம்மதிக்கவில்லை என்று மேனேஜர் கேட்டாராம். "நம்ம ஆளுங்க எப்பவுமே கடைசி நிமிஷம்தான் சார்" என்றாராம் ரூபேந்திரன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் அவர் மேஜைமுன் நின்றேன்.

"ஒருத்தருக்குக்கூடவா சார் வேலை வேணாம்? யோசிச்சுப் பாருங்க!"

அப்போதுதான் அந்த லிங்குகளைத் திறந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. இன்னாரின் மகன், மகள் என்பதற்கு நம் பேர்களின் நடுவே ஏ/எல், ஏ/பி என்று போடுகிறார்கள் அல்லவா, அந்தச் சாய்கோடுதான் வினை. லிங்கில் சாய்கோடு வந்தால் 'இங்கே திரும்பு' என்று அர்த்தமாம். பேருக்குள்ளே வருகிற கோட்டை %2F என்று மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்பது உலகத்துக்கே பொதுவான விதியாம். வாங்கிய மென்பொருளோ ஆரம்பத்திலிருந்தே மாற்றாமல் விடும்படி வைக்கப்பட்டிருந்தது. இவரும் அதைத் தொடவில்லை. செல்லம் பாதிப் பேரிலேயே திரும்பி, இல்லாத சந்துக்குள் போய் நின்றிருக்கிறாள். ரூபேந்திரன் பேரில் கோடு கிடையாது. அவர் அப்பா காலத்திலேயே அதை எடுத்துவிட்டார்கள்.

"டிஃபால்ட்ல விட்டுட்டேண்ணே. ஒரே ஒரு டிக்தான் லா."

"அப்ப அவங்களத் திரும்ப எடுங்க."

"அவங்க எடத்துக்கு ஏஜென்சி ஆளுங்க காலையிலேயே பேக்கிங் லைன்ல நின்னுட்டாங்க. என் கையில இல்லண்ணே. ஆனா சிஸ்டத்த இன்னைக்கே சரி பண்ணிடறேன்."

நான் அவரைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எழுதி என்ன ஆகப் போகிறது?

அன்று சாயங்காலம் செல்லம் தொழிற்சாலையில் வைத்திருந்த செருப்பு, ஃபிளாஸ்க், வேலைச் சட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். பாதி வழியில் போனில் புது லிங்க் வந்தது. தொட்டாள்.

"அண்ணே! தொறந்துருச்சுண்ணே!"

பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு எழுந்து போனேன். அவள் முழுப் பேரும் ஒரு எழுத்துக் குறையாமல், சாய்கோட்டோடு நின்றது. அதற்குக் கீழே மலாயில், காலம் முடிந்துவிட்டது, நன்றி என்று இருந்தது. அழுத்துவதற்குப் பொத்தான் எதுவும் இல்லை. அவள் மேலும் கீழும் தள்ளித் தேடினாள்.

இன்னொரு செய்தி வந்தது. ரூபேந்திரன்தான். 'அக்கா, இப்ப திறக்குதா? டெஸ்ட் பண்றேன். திறந்தா ஓகே போடுங்க.'

"போடாத செல்லம்" என்றேன்.

"கேக்கறாருல்லண்ணே, பாவம்."

விரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, 'ஓகே சார்' என்று அனுப்பினாள்.