ஆடியில் நான் வேலை செய்யவில்லை

ஆடி மாதத்தில் நான் உங்களிடம் ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை. செய்ததாக எழுதியவர் நீங்கள்தான், மேனேஜர் சார். எழுதிவிட்டு, வரி கட்ட மனசில்லாதவள் என்று என்னைப் பற்றி ஆபீஸ் முழுக்கச் சொன்னவரும் நீங்கள்தான்.

நடந்தது 2009-இல். பெங்களூரில் மோட்டார் உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். கணவருக்குப் பண்ருட்டியில் முந்திரி கம்பெனியில் வேலை. வாரக் கடைசியில் பஸ் ஏறி வந்து புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பஸ் ஏறும் வாழ்க்கை எனக்கு அலுத்துவிட்டது. அதே தொழில் செய்யும் உங்கள் கம்பெனியின் சிதம்பரம் கிளையில் ஸ்டோருக்கு ஆள் கேட்டார்கள். எழுதிப் போட்டேன், கிடைத்தது. ஜூலை இருபதாம் தேதி சேர வேண்டும் என்று சென்னைத் தலைமை ஆபீஸிலிருந்து ஆர்டர் வந்தது.

பெங்களூரில் ஜூலை முப்பத்தொன்று வரை விடமாட்டோம் என்றார்கள். உங்களுக்குப் போன் போட்டு, ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேரலாமா என்று கேட்டேன்.

"ஆடியிலயா? வேணவே வேணாம்மா. ஆடியில சேந்தவன் ஒருத்தனும் இந்தக் கிளையில நெலைக்கல. ஆவணி ஒண்ணு அன்னிக்கு வந்து கையெழுத்துப் போடு" என்றீர்கள்.

எனக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். ஆனால் பதினாறு நாள் லீவு யாருக்குக் கசக்கும்? சரி என்றேன்.

சிதம்பரத்தில் வீடு பார்த்திருந்தோம். ஆடியில் பால் காய்ச்சக் கூடாது என்று வீட்டுக்காரரும் சாவி தரவில்லை. அதனால் அந்தப் பதினாறு நாளும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாத்தனார் வீட்டில் இருந்தேன். கணவர் தினமும் வேலை முடிந்து பண்ருட்டியிலிருந்து அங்கே வந்துவிடுவார். வரும்போது பலாச்சுளை வாங்கி வருவார்.

"ஊர்ல எல்லாம் ஆடி வந்தா புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சு வைப்பாங்க. உங்கள ஆடிதான் அண்ணி சேத்து வச்சிருக்கு" என்று நாத்தனார் கேலி செய்வாள். உண்மைதான். என் கல்யாண வாழ்க்கையில் அதுதான் முதல் நல்ல மாதம்.

ஆவணி ஒன்று, ஆகஸ்ட் பதினேழு. வந்தேன், கையெழுத்துப் போட்டேன். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நடை தூரம். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பெங்களூரில் அதே நேரத்தில் பஸ்ஸில் பாதித் தூரம்தான் போயிருப்பேன்.

செப்டம்பர் சம்பளத்தில் தொழில் வரி பிடித்திருந்தது. கர்நாடகத்தில் இதை மாதாமாதம் பிடிப்பார்கள். ஜூலை வரைக்கும் அங்கே கட்டிவிட்டுத்தான் வந்தேன். இங்கே அரை வருடத்துக்கு ஒரு தடவை, செப்டம்பரிலும் மார்ச்சிலும், நகராட்சிக்கு. இந்த ஊரில் அந்த அரை வருடத்தில் அறுபது நாளாவது வேலை செய்திருந்தால்தான் கட்ட வேண்டும். நான் விரல் விட்டு எண்ணினேன். நாற்பத்தைந்து நாள். நேராக உங்கள் மேசைக்கு வந்தேன்.

"எனக்கு நாப்பத்தஞ்சு நாள்தான் சார் ஆவுது. எதுக்குப் புடிச்சீங்க?"

"ஆர்டர்ல ஜூலை இருவதுன்னு இருக்குதேம்மா. எழுவத்தி மூணு நாளு."

"அப்ப ஆடிக்கும் சம்பளம் குடுங்க."

"வராத நாளுக்கு எப்பிடிம்மா சம்பளம் குடுக்கறது?"

"சம்பளத்துக்கு ஆவணி, வரிக்கு ஆடியா சார்?"

பில் போடும் பெண் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே ஆரம்பித்தீர்கள். "அந்தம்மா பெங்களூர்ல இருந்தவங்க. கவர்மெண்டுக்குக் குடுக்கறதுன்னா கை நடுங்குது." லோடு வண்டி டிரைவர் அதைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, ஒங்க டீக்கு நாங்க குடுத்துடறோம். நீங்க மொதல்ல வரியக் கட்டுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த ஜூலையில் வருமான வரிக் கணக்குப் போட வேண்டியிருந்தது. மஞ்சக்குப்பத்தில் அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பவர் ஒருவரிடம், இரண்டு கம்பெனியும் சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் கணக்குக் காட்டிக் கொடுத்த இரண்டு ஃபார்ம் பதினாறையும் கொடுத்தேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மேடம், ஜூலை இருவதுலேருந்து முப்பத்தொண்ணு வரைக்கும் நீங்க எங்க இருந்தீங்க?"

"பெங்களூர்ல."

"சிதம்பரத்துலயும் இருக்கீங்களே. ரெண்டு மாநிலத்துலயும் தொழில் வரி வேற கட்டியிருக்கு. ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல சம்பளம் வாங்குன மாதிரி தெரியும். திருத்தி வாங்கிட்டு வாங்க, அப்பறம் போடலாம்."

அங்கிருந்து நேரே உங்களிடம் வந்தேன். இரண்டு தாளையும் மேசையில் வைத்தேன். இரண்டிலும் தேதியைப் பார்த்தீர்கள். பிறகு எழுந்து போய் ரூம் கதவைச் சாத்தினீர்கள்.

"தப்பு எம்மேலதாம்மா. ஆவணியில வான்னு சொன்னதே நான்தான். எழுதறப்ப ஆர்டரப் பாத்து எழுதிட்டேன்."

ஒரு வாரத்தில் திருத்திய தாள் வந்தது. பிடித்த பணமும் ஒரு கவரில் வந்தது. "வெளிய சொல்லாதம்மா. பசங்க மதிக்க மாட்டானுங்க" என்றீர்கள். நான் சொல்லவில்லை. கெடு முடிய நாலு நாள் இருக்கும்போதே கணக்கைக் கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் கணவரும் நானும் கடலூரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம்.

இப்போது 2012. இன்னும் உங்கள் ஸ்டோரில்தான் இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது, ஊர் பிடித்திருக்கிறது. நீங்களும் கெட்டவர் இல்லை. கேட்ட லீவை முகம் சுளிக்காமல் தருகிறீர்கள். ஆனால் செப்டம்பர் வந்தால் டிரைவர் விடாமல் கேட்கிறார்: "அக்கா, இந்த வாட்டியாவது கட்டுவீங்களா?" அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்று நீங்களும் சிரிக்கிறீர்கள். உங்கள் மரியாதைக்காக நான் வாயை மூடிக்கொண்டேன். என் மரியாதைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?

கவரும் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுச் சமாதானமும் வேண்டாம். டிரைவர், பில் போடும் பெண், ஸ்டோர் ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது, அவர்கள் காதில் விழும்படி பதில் சொல்லுங்கள் சார்: வரியை ஏமாற்றியவள் நானா?