பொண்டியில் கிடைத்த டெல்லா க்ரோவ்

காலை 9.40. மகள் வீட்டிலிருந்து சென்னை திரும்பும் வழியில் பாரிசில் இறங்கினேன். அடுத்த விமானம் மாலை 7.20க்கு. நடுவே ஒரே ஒரு வேலை: தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில் ஒரு வீடியோ கடையில் கணினிக்கு மாற்றக் கொடுத்திருந்த பழைய படச்சுருளின் நகலை வாங்க வேண்டும். டெல்லா க்ரோவ் என்ற அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் பாடகி அந்தக் கால இசைத்தட்டுகளில் நிறையப் பாடியவர். அவர் முகத்தைத் திரையில் பார்க்க இந்தக் குறும்படம் ஒன்றுதான் உண்டு. பாரிஸ் நண்பர் ஒருவர் தேடிப்பிடித்து எனக்காக வாங்கிக் கடையில் கொடுத்திருந்தார். ஞாயிறன்று எங்கள் இசைச் சங்கத்தில் திரையிடப்போவதாக நானும் ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போக ரயிலுக்குப் பதின்மூன்று யூரோ. இருபத்தைந்து கிலோமீட்டர்தான். வண்டி நடுவழியில் அரை மணி நேரம் நின்றது. மூன்று முறை அறிவிப்பு வந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு பிரெஞ்சு தெரியாது, நானும் விட்டேன்.

11.15. லா ஷப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்கு முனை. பத்து மணிக்குத் திறக்க வேண்டிய கடை பூட்டிக் கிடந்தது. எதிர்க்கடையில் ஒன்றரை யூரோவுக்கு ஒரு மட்டன் ரோல்ஸ் தின்றேன். கோபத்தில் இன்னொன்றும் தின்றேன். பன்னிரண்டு மணிக்குக் கடைக்காரர் ரஞ்சன் ஓடிவந்தார். நாற்பது வயது, யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம், மஞ்சள் நீராட்டு என்று வீட்டு விசேஷங்களைப் படம் பிடிப்பவர்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, விடியவே கூசேன்வில்லிலை ஒரு சாமத்திய வீடு. உங்கடை படம் ரெடி. வடிவாச் செய்திருக்கிறன்."

வடிவாகத்தான் செய்திருந்தார். முதலில் அவருடைய கடைப் பெயர் சுழன்று சுழன்று வந்தது. கறுப்பு வெள்ளைப் படம் வண்ணத்தில் இருந்தது. சமையற்கட்டில் வேலைக்காரியாக உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த டெல்லாவின் தலையில் சாமந்திப் பூக்கள் உதிர்ந்தன. பின்னணியில் நாதஸ்வரம். அவர் பாட வாயைத் திறந்தார். அடுத்த நொடி எஜமானியம்மாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு எங்க தம்பி?"

"வெட்டிப்போட்டன் அண்ணை. அந்த மனுசி அழுதுகொண்டெல்லோ பாடுறா. சபையிலை போடுற படத்திலை அழுகை கூடாது."

"அந்த அழுகைக்காகத்தான் நான் வந்திருக்கேன்!" என்று கத்தினேன். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த பெண் திரும்பிப் போய்விட்டார். சுருளை மறுபடி ஓட்டச் சொன்னேன். ரஞ்சன் தகர டப்பாவைத் திறந்து காட்டினார். பழைய சுருள் சிதையும்போது வரும் வினிகர் வாடை மூக்கைத் துளைத்தது. ஒருமுறை ஓடியதிலேயே சுருள் துண்டு துண்டாகியிருந்தது.

"பதறாதைங்கோ. வெட்டினது ஒண்டையும் நான் அழிக்கிறேல்லை. அழிச்சால், மாமாவைக் காட்டேல்லை, மச்சாளைக் காட்டேல்லை எண்டு சண்டைக்கு வருவினம். டிஸ்க் பொண்டியிலை, வீட்டிலை கிடக்கு."

2.15. பொண்டி, பாரிசுக்கு வெளியே ரஞ்சன் வீடு இருக்கும் புறநகர். நான்காவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. டிஸ்க் ஒன்று இல்லை, பதினொன்று. எதிலும் ஒரு எழுத்து இல்லை. முதலாவதில் யாரோ கேக் வெட்டினார்கள். நான்காவதில் யாருக்கோ ஆரத்தி எடுத்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். எட்டாவதில், புள்ளி புள்ளியாகக் கறுப்பு வெள்ளைத் திரை.

ஒன்றரை நிமிடப் பாட்டு. டெல்லா கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கத்தியும் நிற்கவில்லை. இசைத்தட்டில் கேட்டதைவிடக் குரல் தாழ்ந்திருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு ரஞ்சன் படத்தை முதலிலிருந்து ஓட்டினார். நடிகர் பட்டியல் வந்தது. எஜமானர், எஜமானி, கடைசியில் அவர்களுடைய நாய்.

"இவவின்ரை பேர் எங்கை அண்ணை?"

"போடலை. அந்தக் காலத்துல கறுப்பினத்தவங்களுக்கு அப்படித்தான்."

"நாய்க்குப் போட்டிருக்கினம். பாடின மனுசிக்கு இல்லையோ?" ரஞ்சன் முகம் சிவந்துவிட்டது. "எங்கடை சனமெண்டால், பேரை விட்டதுக்குக் கடையை உடைச்சிருக்கும்!"

எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருடமாக டெல்லாவின் குரலைச் சேகரிக்கிறேன். படத்தில் பெயர் இல்லை என்பது எனக்குத் தெரிந்த ஒரு தகவல், அவ்வளவுதான். காலையிலிருந்து எதற்கெல்லாமோ எரிந்து விழுந்தேன். இதற்காக ஒரு நாளும் கோபப்பட்டதில்லை.

வெட்டாத படத்தை அப்படியே பதிந்து தந்தார். திரையிட இன்னொரு நகல் எடுத்து, அதில் பாட்டு வரும் இடத்தில் டெல்லாவின் பெயரைப் போடட்டுமா என்று கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். ஒற்றை விரலால் தட்டினார்.

"பேர் எவ்வளவு நேரம் திரையிலை நிக்கவேணும்? வழக்கமா அஞ்சு செக்கன்."

"பாட்டு முடியறவரைக்கும் நிக்கட்டும்" என்றேன்.